காதுகுத்துக்கு ஒரு கட்டம்

பிலாய்
16.6.1996

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி சகாதேவன் எழுதுவது. நானும் பச்சையம்மாளும் சௌக்கியம். நீயும் மாமாவும் குழந்தை ஓவியாவும் அங்கே நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இனியாவை உன் வீட்டில் விட்டு வந்து ஒரு வாரம் ஆகிறது. பச்சையம்மாள் இன்னும் மூன்று பேருக்கே சோறு வடிக்கிறாள். வடித்துவிட்டு உட்கார்ந்து அழுகிறாள். பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டையும் நம் ஊரில் படித்தால்தான் மருத்துவ சீட்டுக்குச் சிக்கல் வராது என்று எல்லோரும் பேசி முடிவு செய்ததுதானே, இதில் அழ என்ன இருக்கிறது என்றேன். அதற்கும் அழுகிறாள்.

இத்துடன் டைம் டேபிள் அனுப்பியிருக்கிறேன். இனியாவின் மேஜைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டு. சோற்றுப் பசை வேண்டாம், எறும்பு வரும். காலை நாலரைக்கு எழுப்பு. எழுந்ததும் கணக்கு. தலை தெளிவாக இருக்கும்போது கஷ்டமான பாடம், சாயந்திரம் களைத்து வரும்போது எழுதிப் பார்க்கும் வேலை, படுக்கும் முன் உயிரியல் படங்கள். ஞாயிற்றுக்கிழமை பழைய கேள்வித்தாள் ஒன்றை எடுத்துக் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல் எழுத வேண்டும். தப்பாகப் போட்ட விடையை மறுபடி சிவப்பு மையில் எழுத வேண்டும். படுத்துக்கொண்டு படிக்க மட்டும் விடாதே.

நான் வேலை செய்வது பிளானிங் செக்ஷன். ஒரு மெஷினை நிறுத்திப் பழுது பார்க்க வேண்டும் என்றால் ஆறு மாதம் முன்பே காகிதத்தில் நாள் குறித்துவிடுவோம். பிள்ளையின் படிப்பு அதைவிடச் சின்ன விஷயமா?

பௌர்ணமிக்கு மாமா வாசலில் போடும் சுண்டல் கடையைக் கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா என்று கேள். மலை சுற்ற வரும் ஜனத்தை நாம் நிறுத்த முடியாது. நம் வாசலிலேயே நின்று பேசாமல் இருந்தால் போதும்.

அன்புடன்,
தம்பி சகாதேவன்


அடி அண்ணாமலை
2.7.96

என் அருமைத் தம்பி சகாதேவனுக்கு அக்கா ஜோதி ஆசீர்வாதம் பண்ணி எழுதறது.

உன் லெட்டரும் வந்துச்சு, அதுக்குள்ள மடிச்சு வெச்ச துப்பட்டி மாதிரி டைம் டேபிளும் வந்துச்சு. உங்க மாமா கண்ணாடிய மாட்டிக்கிட்டு மேலேருந்து கீழ வரைக்கும் படிச்சாரு. பல்லு விளக்கக் கூட நேரம் போட்டிருக்கியே, கொல்லைக்குப் போறதுக்கு ஏன்டா போடல, பொண்ணு அடக்கிக்கிட்டே டாக்டராவணுமான்னு கேக்கறாரு.

நாலரைக்கு அலாரம் வெச்சோம். அடிச்சதும் துள்ளி எழுந்தது ஓவியாதான். இனியா போர்வைய இழுத்து மூடிக்கிச்சு. நான் போய் மூஞ்சில தண்ணி தெளிச்சு உக்கார வெச்சேன். இப்போ பழகிடுச்சு. கடையப் புளியமரத்தாண்ட தள்ளிப் போட்டாச்சு. டிவிய ஒரு புடவை போட்டு மூடி வெச்சிருக்கேன். பக்கத்து வூட்டுக்காரி, இன்னா ஜோதி, டிவி வயசுக்கு வந்துடுச்சான்னு கிண்டல் பண்றா. நீ கவலைப்படாத. என் வூட்டுல இருக்கற வரைக்கும் அது என் பொண்ணு.

இப்போ என் சங்கதி ஒண்ணு கேளு. ஓவியாவுக்கு அஞ்சாவது வயசு நடக்குது. காது குத்தறது ஒத்தப்படை வயசுலதான். மாசி வந்தா ஆறு பொறந்துடும், அப்புறம் ஒரு வருஷம் காத்துக்கெடக்கணும். இருபது வருஷம் கோயில் கோயிலா சுத்திட்டுப் பெத்த பொண்ணுடா. மாமன்னு சொல்லிக்க அவளுக்கு நீ ஒருத்தன்தான். உன் மடியில உக்கார வெச்சுக் குத்திப் பாக்கணும்னு அவ பொறந்த அன்னிக்கே நெனச்சேன். ஆவணியில நாலு நாள் லீவு போட்டு வந்துட்டுப் போ. பெருசா ஒண்ணும் வேணாம், குலதெய்வம் கோயில்ல பொங்க வெச்சு சொந்தக்காரங்களுக்கு ஒரு சோறு போட்டா போதும்.

பச்சையம்மாவ அழ வேணாம்னு சொல்லு. பொண்ணு ரெண்டு சுத்து பெருத்துடுச்சு.

உன் அக்கா
ஜோதி


பிலாய்
5.8.1996

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு பேரும் சேர்ந்து படித்துச் சிரித்தோம். அதற்கு அடுத்த நாளே இனியாவின் கடிதம் வந்தது. சிரிப்பு போய்விட்டது. மாதத் தேர்வில் பௌதிகம் நூற்றுக்கு நாற்பத்தொன்று. இங்கே அவள் தொண்ணூறுக்குக் கீழே வாங்கியதே கிடையாது.

காரணம் தெரிகிறது. இங்கே பாடத்தைப் புரிந்துகொண்டு சொந்த வார்த்தையில் எழுதினால் மார்க் போடுவார்கள். அங்கே புத்தகத்தில் இருக்கிற வரி இருக்கிறபடியே வர வேண்டும். அவள் தானாக யோசித்து எழுதியதையெல்லாம் டீச்சர் அடித்துவிட்டார். சரியோ தவறோ, திருத்துகிறவர் எதற்கு மார்க் போடுகிறாரோ அதைத்தான் எழுத வேண்டும். ஆகவே டைம் டேபிளை மாற்றியிருக்கிறேன். தினமும் ஒரு மணி நேரம் பார்க்காமல் ஒப்பிக்க வேண்டும். நீ புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே உட்காரு. இங்கிலீஷ் தெரியாவிட்டால் பரவாயில்லை, யாராவது எதிரே உட்கார்ந்தால் அவள் ஏமாற்ற மாட்டாள்.

காதுகுத்து விஷயம் எனக்கு மறக்கவில்லை. ஆனால் ஆவணி என்பது காலாண்டுத் தேர்வுக்குத் தயாராகும் நேரம். இப்போதுள்ள நிலைமையில் வீட்டில் பந்தலும் உறவுக் கூட்டமும் வந்தால் பத்து நாள் வீணாகும். தையில் வைத்துக்கொள்ளலாம். ஓவியாவுக்கு அப்போதும் ஐந்துதான் நடக்கும், கணக்குப் பார்த்துவிட்டேன்.

அன்புடன்,
சகாதேவன்


அடி அண்ணாமலை
1.12.96

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதறது. தீபம் நல்லபடியா முடிஞ்சுது. மலை மேல ஏத்தினப்போ உன் பேரையும் பச்சையம்மா பேரையும் சொல்லிக் கும்பிட்டேன். ஊரு முழுக்க எச்சில் இலையும் செருப்பும் கெடக்குது, கூட்டம் வருஷா வருஷம் ஜாஸ்தியாவுது.

இனியா படிக்கிறத சொல்றேன் கேளு. நீ சொன்னபடி புஸ்தகத்த வெச்சுக்கிட்டு எதிர்ல உக்காந்தேன். ஒப்பிச்சுக்கிட்டே வந்து நடுவுல நின்னுடுவா. அத்தை, அடுத்த வார்த்தை என்னன்னு கேப்பா. எனக்கு எங்க தெரியும்? ரெண்டு பேரும் முழிப்போம். அப்புறம் ஓ-ன்னு அழுவா. புரியாதத மனப்பாடம் பண்ணச் சொன்னா வாந்தி வர மாதிரி இருக்குதுன்னா. பொண்ணு அழறதப் பாக்க முடியாம நான் எழுந்து போயிட்டேன்.

அதுவே ஒரு வழி கண்டுபுடிச்சுச்சு. ஓவியாவ உக்கார வெச்சு, சிமெண்டுத் தரையில சாக்பீஸால படம் வரைஞ்சு டீச்சராட்டம் பாடம் நடத்துது. மொதல்ல தமிழ்ல கதை மாதிரி சொல்லுது. அது மனசுல நின்ன பிறகு இங்கிலீஷ் வரிய சொல்லிக்கிட்டே கூடத்துல குறுக்கும் நெடுக்கும் நடக்குது. நடந்தாதான் ஏறுதாம். நீ மேஜையாண்ட உக்காரணும்னு போட்டிருக்கே, இதுக்கு மேஜையாண்ட உக்காந்தா தூக்கம் வருது. எப்படியோ, காலாண்டுல எழுவது வாங்கிச்சு, போன மாசம் எண்பத்தி மூணு. ஓவியா பாக்கறவங்ககிட்ட எல்லாம் இதயத்துல நாலு ரூம் இருக்குது, எங்க வூட்டுல ரெண்டுதான்னு சொல்லிக்கிட்டுத் திரியுது.

அவ பால்வாடியில எல்லாப் புள்ளைங்களும் கம்மல் போட்டிருக்காம். இவ ஸ்டிக்கர் பொட்டு எடுத்து ரெண்டு காதுலயும் ஒட்டிக்கிட்டுப் போறா. நல்லா ஒட்டலன்னா இனியா ஒட்டி விடுது. பாக்க சிரிப்பாவும் இருக்கு, வயித்தெரிச்சலாவும் இருக்கு.

தை இருபதுக்கு முகூர்த்தம் நல்லா இருக்குன்னு ஐயரு சொன்னாரு. கீழ்பென்னாத்தூர் சொந்தக்காரங்களுக்கு எல்லாம் வாய்ச்சொல்லா சொல்லிட்டேன். டிக்கெட் எடுத்துட்டு எழுது.

உன் அக்கா
ஜோதி


பிலாய்
12.1.1997

அன்புள்ள அக்காவுக்கு,

இதைப் படித்துவிட்டு நீ கோபப்படுவாய் என்று தெரிந்தே எழுதுகிறேன். தையில் முடியாது.

இனியாவின் பள்ளியில் பிளஸ் ஒன் பாடத்தை இத்துடன் ஏறக்கட்டிவிட்டு இந்த மாதமே பிளஸ் டூ பாடம் ஆரம்பிக்கிறார்கள். முதல் பாடத்தைத் தவற விட்டால் வருஷம் முழுக்கக் கால் இடறும். இப்போதுதான் எண்பது தாண்டியிருக்கிறாள். இந்த நேரத்தில் வீட்டில் விசேஷம் என்றால் அவளா புத்தகத்தோடு உட்காருவாள்? வடைக்கு அரைக்க முதல் ஆளாக நிற்பாள்.

உன்னிடம் ஒன்று சொல்கிறேன், குறையாக எடுத்துக்கொள்ளாதே. உன் கல்யாணம் நடந்தபோது எனக்கு பி.யூ.சி. பரீட்சை. மறுநாள் பௌதிகம். மாப்பிள்ளைக்கு மாலை போட மச்சான் வேண்டும் என்று அப்பா என்னைப் பந்தலை விட்டு நகர விடவில்லை. கேள்வித்தாளை வாங்கியபோது என் கையில் சந்தன வாசனை அடித்தது. அந்த மார்க்குக்கு எந்த இன்ஜினீயரிங் காலேஜிலும் இடம் கிடைக்கவில்லை. டிப்ளமாவோடு இங்கே வந்து, என்னைவிடச் சின்னப் பையன்களை சார் சார் என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். யாரையும் குற்றம் சொல்லவில்லை. படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டில் பந்தல் போடக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன், அவ்வளவுதான்.

ஏழாவது வயதில் கண்டிப்பாக வைத்துக்கொள்ளலாம். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

அன்புடன்,
சகாதேவன்


அடி அண்ணாமலை
20.2.97

தம்பி சகாதேவனுக்கு,

யாரையும் குத்தம் சொல்லலன்னு எழுதிட்டு என் கல்யாணத்த எழுதியிருக்கே. இருபத்தாறு வருஷமா இத மனசுல வெச்சிருந்தியாடா? மாலை போடறப்போ சிரிச்சுக்கிட்டுத்தான நின்னே. மாமா உன் கன்னத்தக் கிள்ளினாரு, நீ கூச்சப்பட்டே, எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. அந்த நாள குறிச்சது நானா? என்ன யாராவது கேட்டாங்களா? எட்டாவதோட நிறுத்தி மூலையில உக்கார வெச்ச பொண்ணுக்கு உன் பரீட்சை தேதி எப்படித் தெரியும்?

அழுகையா வந்துச்சு. அப்புறம் கோவம் வந்துச்சு. ரெண்டும் வடியட்டும்னுதான் இத்தனை நாள் எழுதல.

கூப்பிட்ட வூட்டுக்கெல்லாம் நானே போய் இப்போ இல்லன்னு சொல்லிட்டு வந்தேன். இவரு தங்கச்சி மணியம்மா இருக்காளே, அவ வாய் சும்மா இருக்குமா? மாமன் இல்லாத பொண்ணுன்னு நெனச்சுட்டு வேலைய பாருங்கன்னா. எனக்கு இருக்கான்டி, பிலாயில குத்துக்கல்லாட்டம் இருக்கான்னு சொல்லிட்டு வந்தேன்.

ஆறு பொறந்துடுச்சு. இனி அடுத்த மாசி வரைக்கும் அந்தப் பேச்சு இல்ல. இனியா நல்லா படிக்குது. நீ ஒண்ணும் நெனச்சுக்காத, உன் மேல இருக்கற கோவத்த நான் புள்ள மேல காட்ட மாட்டேன்.

ஜோதி


பிலாய்
15.6.1997

அன்புள்ள அக்காவுக்கு,

கல்யாணத்தைப் பற்றி எழுதியிருக்கக் கூடாது. தபாலில் போட்ட அன்றே தோன்றியது. மனதில் வைக்காதே.

பிளஸ் டூ வருஷத்துக்கான டைம் டேபிள் இத்துடன் இருக்கிறது. இந்தத் தடவை நீ சொன்னதைக் கேட்டு நடந்து படிக்கும் நேரம் என்றே தனியாகப் போட்டிருக்கிறேன். ஓவியாவுக்குப் பாடம் சொல்லும் நேரமும் போட்டிருக்கிறேன். தீபாவளிக்குள் எல்லாப் பாடமும் ஒரு சுற்று, பொங்கலுக்குள் இரண்டாவது சுற்று. அதன் பிறகு புதிதாக எதையும் தொடக் கூடாது, படித்ததையே திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒரு மார்க் கேள்விகளைப் பஸ்ஸில் போகும்போது முடித்துக்கொள்ளலாம். ஒரு நாள் காய்ச்சல் வந்து கட்டம் விட்டுப்போனால் அதை நிரப்ப வாரக் கடைசியில் காலி இடம் விட்டிருக்கிறேன். டைம் டேபிளில் எழுதிவிட்டால் விடக் கூடாது, முடியாததை எழுதவும் கூடாது. இனியாவுக்கு நான் சொல்லி வளர்த்தது இதுதான்.

கடைசிப் பக்கத்தில், எல்லாப் பரீட்சையும் முடிந்த பிறகு, பச்சை மையில் ஒரு கட்டம் இருக்கிறது பார். 31.5.98 ஞாயிறு. ஓவியாவுக்குக் காதுகுத்து, அப்பா வருகை. மாசிக்குப் பிறகு வருகிற நாள், ஏழாவது வயது. வளர்பிறை கூட. நீ பஞ்சாங்கத்தைப் பார்த்து முகூர்த்தம் மட்டும் எழுது.

அன்புடன்,
தம்பி சகாதேவன்


அடி அண்ணாமலை
15.3.98

என் உசிரான தம்பிக்கு அக்கா எழுதறது.

நாளைக்கு இனியாவுக்கு உயிரியல் பரீட்சை. கணக்கும் பௌதிகமும் நல்லா எழுதினேன்னு சொல்லிச்சு. போன மாசம் பூரா எலெக்ஷன் மைக்கு, காது சவ்வு கிழிஞ்சுபோச்சு. அதுங்க ஓய்ஞ்சா, பரீட்சை நடுவுல பௌர்ணமி வந்து நிக்குது. ஆசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்துத் தங்க வைன்னு நீ எழுதினே. அங்க வெள்ளைக்காரங்க வந்து எல்லா ரூமையும் புடிச்சு வெச்சிருக்காங்க, நமக்கு யாரு கொடுக்கறா?

வெள்ளிக்கிழமை சாயந்திரம் மூணு மணிக்கே ஜனம் ஆரம்பிச்சுடுச்சு. நம்ம வாசல்ல கால் வைக்க எடமில்ல. பீப்பி ஊதறவன் ஒரு பக்கம், பாட்டு கேசட்டு விக்கறவன் ஒரு பக்கம். உங்க மாமா வெளிய போய்க் கையெடுத்துக் கும்பிட்டு, பரீட்சைக்குப் படிக்கிற புள்ள இருக்குதுங்க, கொஞ்சம் அந்தாண்ட போங்கன்னு கெஞ்சறாரு. யாரு கேக்கறா? இனியா புஸ்தகத்த டப்புனு மூடிச்சு. அத்தை, வாங்க நாமளும் மலை சுத்தலாம், நான் சொல்லிக்கிட்டே வரேன்னா. அப்படியே கெளம்பிட்டோம். கூட்டம் அரோகரா அரோகரான்னு போவுது, இவ என் காதாண்ட சிறுநீரகம் எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லிக்கிட்டு வரா. முன்னாடி போன ஒரு பெரியவரு திரும்பிப் பாத்து, இது எந்த ஊரு பதிகம்மா, நான் கேட்டதே இல்லையேன்னாரு. நாங்க ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல பாதி பாடம் மறந்துபோச்சு. ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துட்டோம். படுத்ததும் தூங்கிட்டா. ரொம்ப நாள் கழிச்சு நிம்மதியா தூங்கினா.

பஞ்சாங்கம் பாத்தாச்சு. உன் பச்சைக் கட்டத்து நாள் நல்ல நாள்தானாம், காலையில ஒம்பதுலேருந்து பத்தரை. பத்திரிகைக்குச் சொல்லிட்டேன், தாய்மாமன் சகாதேவன்னு பெரிய எழுத்துல போடச் சொல்லியிருக்கேன். மணியம்மாவுக்கு மொத பத்திரிகை. ஓவியா தெனமும் அந்தக் கட்டத்தத் தொட்டுப் பாத்து, மாமா எப்போ வருவாரு, எப்போ வருவாருன்னு இனியாவ நச்சரிக்குது. நீ பட்டுப் பாவாடை, தட்டு வரிசைன்னு எதுக்கும் அலையாத. நீ வந்து மடிய கொடு, அது போதும்.

உன் அக்கா
ஜோதி


பிலாய்
14.5.1998

அன்புள்ள அக்காவுக்கு,

என்ட்ரன்ஸ் நன்றாக எழுதியிருப்பதாக இனியா எழுதியிருந்தாள். அவள் விடைகளை நான் சரிபார்த்ததில் சீட்டு கிடைக்க நியாயமான வாய்ப்பு இருக்கிறது. இதில் உன் பங்கு பெரியது. மறுக்கவில்லை.

லீவு விஷயம். மே கடைசிக்கும் ஜூலைக்கும் சேர்த்துக் கேட்டிருந்தேன். ஏதாவது ஒன்றுதான் தர முடியும் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். ஜூலையில் சென்னையில் கவுன்சிலிங். எந்தக் காலேஜ் காலியாக இருக்கிறது என்று பலகையில் பார்த்து அந்த நிமிஷமே முடிவு சொல்ல வேண்டும். அந்த இடத்தில் நான் கூட இல்லாமல் முடியாது. அதனால் ஜூலையை எடுத்துக்கொண்டேன்.

காதுகுத்தை ஜூலை மூன்றாவது வாரத்துக்குத் தள்ளி வை. ஒரே பயணத்தில் இரண்டு வேலையும் முடியும். ஓவியாவுக்கு அப்போதும் ஏழுதான் நடக்கும். பத்திரிகை அடித்துவிட்டதால் தள்ளிப் போட முடியாது என்றால் அப்பாசாமி மாமன் முறையில் உட்காரட்டும். அவனும் நம் பங்காளிதானே. விசேஷம் ஒரு நாளில் முடிந்துவிடும். பிள்ளையின் படிப்பு அப்படி இல்லை. நீ புரிந்துகொள்வாய்.

அன்புடன்,
சகாதேவன்


அடி அண்ணாமலை
14.6.98

தம்பி சகாதேவனுக்கு,

பத்திரிகை எல்லாம் கொடுத்து முடிச்சுட்டு வந்து உக்காந்த அன்னிக்கி உன் லெட்டர் வந்துச்சு. ஜூலை மூணாவது வாரம்னா ஆடிடா. ஆடியில அம்மன் கோயில்ல காது குத்தறவங்க இருக்காங்க, ஆனா உங்க மாமா வகையில அந்த வழக்கம் கெடையாது. உனக்கும் இது தெரியும். பிலாய் காலண்டர்ல ஆடி இல்ல போல.

இவரு நிறுத்திடலாம்னாரு. நான்தான் வேணாம்னேன். ரெண்டாவது தடவையா வூடு வூடா போய் இல்லன்னு சொல்ல என் காலு வராது. நீ சொன்னபடி அப்பாசாமிக்குச் சொல்லி அனுப்பினேன். பாவம், புது வேட்டி கட்டிக்கிட்டு மொத ஆளா வந்துட்டான்.

கோயிலாண்ட பந்தல் போட்டு, ஓவியாவுக்கு மொட்டை அடிச்சு சந்தனம் தடவியாச்சு. ஆசாரி ஊசியோட உக்காந்துட்டாரு. மணியம்மா எல்லாருக்கும் கேக்கற மாதிரி, பத்திரிகையில பெரிய எழுத்துல போட்ட மாமன் எங்க அண்ணின்னு கேட்டா. அப்பாசாமி எழுந்து வந்தான். அதுக்குள்ள இனியா போய் மணையில சம்மணம் போட்டு உக்காந்துக்கிச்சு. ஓவியாவ இழுத்து மடியில வெச்சுக்கிச்சு. மாமன் வூட்டு ஆளு நான் இருக்கறப்போ சித்தப்பா எதுக்குன்னு கேட்டுச்சு. பொட்டப்புள்ள மடியிலயா, இது இன்னா புது வழக்கம்னு நாலு பேரு சத்தம் போட்டாங்க. உன் பொண்ணு பயப்படல. இந்த நாள எங்கப்பா டைம் டேபிள்ல எழுதியிருக்காரு, எழுதினா விடக் கூடாதுன்னு அவர்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாரு, அவரு விட்டுட்டாரு, நான் விடமாட்டேன்னு சொல்லிச்சு. ஆசாரி, மாமன் வூட்டு மடிதான, சரிதான் கொடும்மா காதன்னாரு.

ஓவியா போட்ட கூச்சல் மலைக்கே கேட்டிருக்கும். கம்மல் போடறப்போ நான் வாங்கி வெச்சிருந்தத எடுத்துட்டு வந்தேன். மாமன் வூட்டுதுதான் மொதல்ல ஏறணும்னு இனியா தன் காதுல கெடந்தத கழட்டி ஆசாரி கையில கொடுத்துச்சு. பத்தாவதுல நல்ல மார்க்கு வாங்கினதுக்கு நீ வாங்கிக் கொடுத்த கம்மலாமே. நான் அழுதேன். இவரும் தூணாண்ட போய் நின்னு அழுதாரு. மணியம்மா கூட மூக்க சிந்தினா.

மார்க்கு போன்ல கேட்டிருப்பே. உயிரியல்ல இருநூத்துக்கு நூத்தித் தொண்ணூத்தாறு. உன் டைம் டேபிள் நல்ல டைம் டேபிள்தான், அதுல எனக்கு மாத்துப் பேச்சு இல்ல. வூட்டுக்கு வந்தவங்க எல்லாம் அத நோட்டுல எழுதிக்கிட்டுப் போறாங்க. இனியா டாக்டராவும். எனக்கு அதுல வஞ்சனை இல்லாத சந்தோஷம்.

எனக்கு இப்போ கோவம் இல்லடா. ரெண்டு வருஷமா நீ வருவே வருவேன்னு ஒரு தவிப்பு இருந்துச்சு, அது அன்னிக்கோட நின்னுபோச்சு. இன்னிக்கி உனக்கு எழுத உக்காந்தா கை படபடன்னு வரல, சாதாரணமா வருது. இனியாகிட்ட, ஓவியா பெரியவளானா தண்ணி ஊத்தறதுக்கும், நாளைக்குக் கல்யாணம்னா சீரு வெக்கறதுக்கும் நீயே வரணும்டின்னு கேட்டேன். பரீட்சை நடுவுல வந்தாலும் வரேன் அத்தைன்னுச்சு.

நீ ஜூலையில வா. கூட இருந்து நல்ல காலேஜா பாத்துச் சேத்துட்டுப் போ. எங்க வூட்டுலயே தங்கிக்கோ, வேளைக்குச் சோறு போடறேன். மத்தபடி உனக்குன்னு இங்க செய்ய வேண்டிய முறை ஒண்ணும் பாக்கி இல்ல.

இப்படிக்கு,
ஜோதியம்மாள்